"நிறம் சற்று மாறுபடலாம்" என்று எழுதுவதற்கு முன்

மூன்று வருடத்துக்கு முன்பு கோயம்புத்தூரிலிருந்து எங்கள் படப் பிரேம் கடைக்கு ஒரு பிரேம் திரும்பி வந்தது. கண்ணாடி உடையவில்லை, மூலை பிரியவில்லை. "காபித்தூள் நிறம்னு நினைச்சுத்தான் வாங்கினேன். வந்திருக்கிறது அரக்கு சார்" என்றார் வாங்கியவர். எங்கள் இணையதளத்தைத் திறந்து, பிரேமைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

எல்லோரையும் போல நானும் பக்கத்தின் அடியில் 'திரையைப் பொறுத்து நிறம் சற்று மாறுபடலாம்' என்று போட்டிருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் அன்று என் கைபேசி, கடைக் கணினி, மகனின் மடிக்கணினி மூன்றிலும் அந்தப் பீடிங் (பிரேம் செய்கிற நீளப் பட்டை) காபித்தூளாகவே தெரிந்தது. மூன்று திரையும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டினால் கோளாறு படத்தில்தான் இருக்க வேண்டும்.

படத்தைக் கடை வாசலில் வைத்து எடுத்திருந்தோம். எதிரே ஒரு கட்டடத்துக்குப் பச்சை வலை கட்டியிருந்தார்கள். பளபளப்பான பாலிஷ் பாதிக் கண்ணாடி மாதிரி. எதிரில் இருப்பதை வாங்கிக்கொள்ளும். சிவப்பு மேல் பச்சை விழுந்தால் பழுப்பு. (சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நானே படம் எடுத்த நாட்களும் உண்டு. அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம்.)

மீதியைக் கேமரா செய்தது. படம் முழுக்கத் தேக்கோ அரக்கோ நிறைந்திருந்தால், ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (விளக்கின் நிறத்தைக் கேமரா தானாகவே ஈடுசெய்வது) அதை மரத்தின் நிறம் என்று எடுத்துக்கொள்ளாது. விளக்குதான் மஞ்சள் என்று முடிவுகட்டி நீலத்தைச் சேர்க்கும். தேக்கு சாம்பல் பூத்துப்போகும், அரக்கு செத்துப்போகும். வெளிச்ச அளவிலும் இதே கதை. படத்தைச் சுற்றி வைக்கும் வெள்ளை அட்டை, அதாவது மவுண்ட் போர்டு, நிறைய இருந்தால் கேமரா அதைச் சாம்பலாக இறக்கிவிடும். நம் பையன் கணினியில் அதை வெள்ளையாக்க வெளிச்சத்தைக் கூட்டுவான், பக்கத்தில் இருக்கும் கரும்பழுப்பு வால்நட் பீடிங் ஆரஞ்சாகிவிடும்.

இதற்கு மருந்து ஒரு கிரே கார்டு, எந்த நிறச் சாயலும் இல்லாத சாம்பல் அட்டை. ஒவ்வொரு வரிசைப் படத்திலும் முதல் படத்தைக் கார்டோடு எடுத்து, அதை வைத்து ஒயிட் பேலன்ஸைப் பூட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும். ஆனால் வெளிச்சம் ஒரே வகையாக இருக்க வேண்டும். வாசல் வழியே பகல் வெளிச்சம், மேலே டியூப்லைட், பக்கத்தில் மஞ்சள் பல்பு என்று மூன்றும் கலந்தால் பிரேமின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். அதை எந்த மென்பொருளும் ஒழுங்காகத் திருத்தாது. இப்போது கதவைச் சாத்திவிட்டு, பகல் வெளிச்சத்தை ஒத்த 5000 கெல்வின் அளவில், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு, உச்சம் 100) 90-க்கு மேல் உள்ள இரண்டு எல்இடி விளக்குகளில் மட்டும் எடுக்கிறோம்.

திருத்துகிற கணினியில், இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மஞ்சள் திரையில் திருத்திய படங்கள் காலையில் நீலமாக நிற்கும். அப்புறம், படத்தை இணையத்துக்கு வழக்கமான நிற முறையான எஸ்ஆர்ஜிபி-யில் சேமியுங்கள். வெளியாள் ஒருவர் அதைவிட விரிந்த அடோபி ஆர்ஜிபி என்ற நிற முறையில் எடுத்துக் கொடுத்த படங்களைத் தளத்தில் ஏற்றியபோது, கோப்போடு இருந்த நிறக் குறிப்பு கழன்றுபோய், குங்குமச் சிவப்பெல்லாம் வெளுத்துவிட்டது. குறிப்பு இல்லாத படத்தை உலாவி எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும்.

தங்கம்தான் கடைசிவரை அடங்காதது. தஞ்சாவூர் ஓவியத்தின் தங்கரேக்கைப் படம் எடுத்தவர்களுக்குத் தெரியும்: ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைத் திட்டு, இருட்டு அறை எதிரில் இருந்தால் கறுப்பு. தங்கம் என்று நாம் பார்ப்பதில் பாதி பிரதிபலிப்பு. எதிரில் ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டையை நிறுத்துங்கள், ரேக்கு அதை வாங்கி மினுங்கும். அப்படியும் ஒரு படம் போதாது. நேராக ஒன்று, சாய்த்து ஒன்று, மெல்லத் திருப்பிக் காட்டும் பத்து விநாடி வீடியோ ஒன்று போடுகிறேன். கண்ணாடி போட்டும் போடாமலும் காட்டுவது நல்லது. சாதாரணக் கண்ணாடியில் இருக்கும் இரும்பின் லேசான பச்சை, வெள்ளை மவுண்டில் கண்ணுக்குத் தெரியும்.

'வால்நட்' என்ற பெயரும் ஏமாற்றும். ஒரே பெயரில் என்னிடம் மூன்று நிறம் இருக்கிறது, ஒரே பீடிங்கிலும் லாட்டுக்கு லாட்டு (ஒவ்வொரு முறை வரும் சரக்குக்கும்) மாறுகிறது. புது லாட் வந்தால் புதுப் படம். தேக்கு என்றால், இழைத்த புதிதில் இருக்கும் திட்டுகள் வெளிச்சம் பட்டுப் போகப்போகப் பொன்பழுப்பாகும் என்று எழுதிவிடுகிறேன்.

சட்டமும் இருக்கிறது. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. அடியில் போட்ட ஒற்றை வரி அதைத் தடுத்துவிடும் என்று நான் நம்பமாட்டேன்.

இவ்வளவும் செய்தாலும், வாங்குபவர் வீட்டுச் சுவரும் விளக்கும் நம் கையில் இல்லை. கடையில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பழுப்பு, அவர் வீட்டு மஞ்சள் பல்பில் வேறு வேறாகத் தெரியலாம். அதனால் முன்பு குப்பைக்குப் போன வெட்டுத் துண்டுகளை மூன்று அங்குலத்துக்கு அறுத்து, பின்னால் லாட் எண் எழுதி, கேட்பவர்களுக்குத் தபாலில் அனுப்புகிறேன். கோயம்புத்தூர்க்காரருக்கும் ஆறு துண்டு போனது. பூஜையறைச் சுவரில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாராம். காபித்தூளும் வேண்டாம், அரக்கும் வேண்டாம் என்று கறுப்பை எடுத்துக்கொண்டார்.