மேனர்: வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் நிலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடக்கும் காதல் நாவல் எதைத் திறந்தாலும் முதல் அத்தியாயத்திலேயே ஒரு மேனர் வந்துவிடும். தமிழில் அதை 'மாளிகை' என்று எழுதிவிடுகிறோம். நானும் வெகுகாலம் தூண்களையும் நூலக அறையையும் நடன விருந்தையும்தான் மனத்தில் கண்டேன்.

மேனர் என்பது முதலில் வீடே அன்று. 'தங்கு' எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல் இது. 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மன்கள் கொண்டுவந்தார்கள். 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலப் பதிவேட்டில் இதன் இலத்தீன் வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. பிரபுவின் வயல், மேய்ச்சல் நிலம், காடு, மாவாலை, அங்கே உழும் குடியானவர்கள், அவர்கள் வழக்கைத் தீர்க்கும் மன்றம் எல்லாம் சேர்ந்ததே மேனர். வீட்டை மட்டும் குறிக்க 'மேனர் ஹவுஸ்' என்றார்கள். பிற்பாடு வால் உதிர்ந்து, வீடே மேனர் ஆயிற்று. 'மேன்ஷன்' இதன் உடன்பிறப்பு. திருவல்லிக்கேணியில் வேலை தேடி வந்தவர்கள் தங்கும் மேன்ஷன்கள்தாம் வேர்ப்பொருளுக்கு இன்னும் உண்மையாக இருக்கின்றன!

நம் 'மனை', நிலைபெறுதலைக் குறிக்கும் 'மன்னுதல்' ஆகியவற்றோடு இதை முடிச்சுப் போட ஆசை எழும். வேண்டாம். ஒலி ஒற்றுமை தற்செயலானது.

நிலத்தை மறந்தால் கதையும் பாதிதான் புரியும். நாயகன் அறிமுகமாகும்போதே ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் பவுன் என்று ஊர் பேசுகிறதே, அந்தப் பணம் பெரும்பாலும் குத்தகை. நிலம் மூத்த மகனுக்கே போவதால்தான் இளையவன் படைக்கோ திருச்சபைக்கோ போகிறான். பெண்களுக்கு அதுவும் இல்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? 'பண்ணை வீடு' இன்று வார இறுதி விடுதியை நினைவூட்டுகிறது. 'ஜமீன்' நெருங்கி வருகிறது. பாரசீகத்தில் அதற்கு நிலம் என்றே பொருள். ஆனால் ஜமீன்தார் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பேஷ்குஷ் என்னும் கப்பம் கட்டியவர். அந்த வரலாற்று வாடை இங்கே ஒட்டாது. என் தேர்வு 'கிழார் மனை'. கிழார் என்றால் உரிமையுடையவர். கோவூர் கிழார், அரிசில் கிழார் என்று ஊரோடு சேர்த்தே சங்கப் புலவர்களை அழைத்திருக்கிறோம். அகப்பொருள் இலக்கணத்தில் காதலனும் காதலியும் கிழவன், கிழத்தி. காதல் நாவலுக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்குமா?

கடைசி அத்தியாயத்தில் நாயகி மனைக்கிழத்தி ஆகிறாள். இங்கேதான் என் சொல் கொஞ்சம் இடறுகிறது. மணமான பெண்களுக்குச் சொத்துரிமை தந்த 1870, 1882 இங்கிலாந்துச் சட்டங்கள் வரும்வரை, தனிப் பத்திரம் எழுதி வைத்தாலொழிய, மணமானதுமே அவளுடைய கைப்பணமும் கணவனுடையதாகிவிடும். சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருக்கும். கிழமை, அதாவது உரிமை, அவனிடம் இருக்கும்.