வெங்காயக் கூடையில் காந்தள் கிழங்கு

இந்த முறையும் ஒரு குடும்பம் வந்துவிட்டது. மாடித் தொட்டியில் வளர்த்த செங்காந்தள் கொடி காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி, அடுத்த பருவத்துக்கு ஆகும் என்று பேப்பரில் சுற்றி வெங்காயக் கூடையில் போட்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த பாட்டி சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துவிட்டார். "ஃபுட் பாய்சன் டாக்டர், ஒரு ஊசி போடுங்க" என்றபடிதான் அவசரப் பிரிவுக்குள் நுழைந்தார்கள்.

கொடியை வளர்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இலை நுனியாலேயே கிரில் கம்பியைப் பற்றி ஏறும். பச்சையாக விரியும் இதழ் மஞ்சளாகி, பிறகு சிவக்கும். எனக்கும் பிடித்த பூதான். ஆனால் செடி முழுவதும் கோல்ச்சிசின் என்ற நச்சு இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் அதிகமாகவே. கவுட் மூட்டுவலிக்கு நாங்கள் அரை மில்லிகிராம் மாத்திரையாக யோசித்து யோசித்துக் கொடுக்கும் அதே மருந்து.

"வேகவைத்துத்தானே சாப்பிட்டோம்?" இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மரவள்ளியில் உள்ள நஞ்சு, வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் பெருமளவு குறையும். அந்தக் கணக்கைக் காந்தளுக்குப் போடாதீர்கள். கொதித்தாலும் கோல்ச்சிசின் அழியாது. தோலைச் சீவினாலும் போகாது, மஞ்சள்தூள் போட்டாலும் போகாது. மாநில மலராயிற்றே, சித்த மருந்தில் சேர்க்கிறார்களே என்பார்கள். சேர்க்கிறார்கள், நச்சைக் குறைக்கச் சுத்தி செய்யத் தெரிந்தவர்கள், அளவு பார்த்து. உங்கள் குக்கர் அந்த வேலையைச் செய்யாது.

அடுத்தது, வாந்தியும் பேதியும் அடங்கியதும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புவது. தயவுசெய்து போகாதீர்கள். சிறுநீரகம், கல்லீரல், இதயம் எல்லாம் அடிவாங்குவது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கு மேல்தான். அப்புறம் வெள்ளணுக்கள் சரியும். பிழைத்தவர்களுக்குக்கூடத் தலைமுடி கொட்டும். கொடுத்ததும் முறிக்கிற மாற்று மருந்து எங்கள் அலமாரியில் இல்லை.

கொடி காய்ந்தால் கிழங்கைத் தோண்ட வேண்டாம். தண்ணீரை நிறுத்தி, தொட்டியோடு ஓரமாக ஒதுக்குங்கள். தளிர் தலைகாட்டியதும் ஊற்றினால் போதும். எடுத்தே ஆக வேண்டுமா? கையுறை, மூடிய டப்பா, மேலே பெரிய எழுத்தில் 'விஷம்'. சமையலறைப் பக்கமே கொண்டு போகக் கூடாது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கொஞ்ச காலம் மல்லிகையோ ஹோயாவோ வையுங்களேன், அவையும் கொடிதானே.

யாராவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர், புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மிச்சக் கிழங்கையும் இலையையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். "ஏதோ கிழங்கு" என்றால் எனக்கு எதுவும் புரியாது.