சத்தம் கேட்காத கக்குவான்

“கக்குவானெல்லாம் இப்ப எங்க தம்பி இருக்கு? அது எங்க காலத்து நோவுல்ல” என்று காரைக்குடிப் பக்கத்து ஆச்சிமார் என்னிடம் கேட்பதுண்டு. அவர்கள் மனதில் இருப்பது நாலைந்து வயதுப் பிள்ளையின் இருமல். விடாமல் இருமி, முகம் சிவந்து, கண் பிதுங்கி, கடைசியில் ‘ஊப்’ என்று ஓர் இழுப்பு இழுத்து, வாந்தி எடுத்து ஓயும். ஆனால் மூன்று மாதம்கூட நிரம்பாத கைக்குழந்தைக்குக் கக்குவான் வந்தால் அந்த இழுப்பே வராமல் போகலாம். அப்படி இழுக்க அதற்குப் பலம் போதாது. மூக்கு ஒழுகும், லேசாக இருமும், காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. பிறகு ஒருநாள் மூச்சு நின்றுபோகும்.

நான் குழந்தைகள் மருத்துவர். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவன். தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூர் என்று எங்கிருந்து வந்தாலும் தாய்மார் சொல்வது கிட்டத்தட்ட ஒன்றுதான்: “பால் குடிச்சுக்கிட்டே இருந்தான் சார், திடீர்னு நீலம் பூத்துட்டான். முதுகைத் தட்டினேன், சரியாயிட்டான்.” சரியாகிவிட்டான் என்பதால் இரண்டு நாள் கழித்துத்தான் வருவார்கள். நடுவில் உரம் விழுந்திருக்கும் என்று புடவையில் போட்டு உருட்டியிருப்பார்கள், யாராவது கழுதைப்பால் வாங்கிப் புகட்டியிருப்பார்கள். மந்திரிப்பதோடு எனக்குச் சண்டையில்லை. மூச்சுத் திணறும் குழந்தைக்கு வாய் வழியே எதையும் புகட்டுவதோடும், மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதோடும்தான் சண்டை. நீலம் பூத்த குழந்தை அடுத்த நிமிடமே சிரித்தாலும் அன்றைக்கே மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

அங்கே என்ன செய்வார்கள்? முதலில் தனி அறை, ஏனென்றால் இது இருமல் தெறிப்பில் பரவும். அசித்ரோமைசின் 5 நாள் கொடுப்போம். இது கிருமியைக் கொல்லும், மற்றவர்களுக்குப் பரவுவதை நிறுத்தும். ஆனால் கிருமி ஏற்கெனவே கக்கிவிட்ட நச்சை இந்த மருந்து ஒன்றும் செய்யாது. அந்த நச்சை முறிக்க நம் கையில் இன்றுவரை மருந்தில்லை. ஆகவே மீதிச் சிகிச்சை முழுவதும், நச்சின் வேகம் அடங்கும்வரை குழந்தையின் மூச்சையும் இதயத்தையும் தாங்கிப் பிடிப்பதுதான்.

ஒரு வேலையும் நடக்காதது போல வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தோன்றும். “ஐசியூவில போட்டுட்டு சும்மா பாத்துக்கிட்டு இருக்காங்க” என்று கோபப்படும் ஐயாமாரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் சிகிச்சை. தொட்டாலே இருமல் தொடர் கிளம்பும் என்பதால் ஊசி, சளி உறிஞ்சுதல், துணி மாற்றுதல் எல்லாம் அளவோடு, சேர்த்துச் சேர்த்து நடக்கும். பாலை மூக்குக் குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். மானிட்டரில் ஆக்சிஜன் அளவு சரிந்தால், கட்டிலருகில் தயாராக இருக்கும் பையும் முகமூடியும் கொண்டு செவிலியர் சில விநாடியில் மூச்சுக் கொடுப்பார். நின்று நின்று மூச்சு வந்தால் வென்டிலேட்டர். இருமல் மருந்து, நெபுலைசர், ஸ்டீராய்டு இவற்றால் கக்குவானில் பலன் கிடைப்பதாக நிரூபணமில்லை. “ஒரு சிரப்பாவது குடுங்க” என்று கேட்டு மருத்துவரை நெருக்காதீர்கள்.

எங்களைத் தூங்கவிடாத எண் வெள்ளையணு எண்ணிக்கை. வழக்கமாக ரத்தக் குழாயிலிருந்து நிணநீர் முடிச்சுகளுக்குள் போய்விடும் லிம்போசைட் என்னும் ஒருவகை வெள்ளையணுக்களைக் கக்குவான் நச்சு போகவிடாமல் தடுத்துவிடும். அவை ரத்தத்திலேயே குவியும். கைக்குழந்தைக்குப் பதினைந்தாயிரம் இருந்தால் பயமில்லை. 30,000, 50,000 என்று ஏறினால் பயம். (சோதனைச்சாலை ரிப்போர்ட்டைக் கூகுளில் தேடி, ரத்தப் புற்றுநோய் என்று அழுதுகொண்டு வருபவர்களும் உண்டு.) இப்படிக் குவிந்த அணுக்கள், திருவிழா நாளில் தேர் நிற்கும் சந்து போல, நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துவிடும். நுரையீரலில் ரத்த அழுத்தம் ஏறும், வலப்பக்க இதயம் திணறும். இந்த நிலையில் எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் ரத்தத்தில் ஏறாது.

அதனால்தான் ரத்தப் பரிசோதனையை அடிக்கடி திரும்பச் செய்கிறோம், எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுக்கிறோம். எண்ணிக்கை வேகமாக ஏறி, இதயத் துடிப்பும் இறங்காமல் இருந்தால், குழந்தையின் ரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டு தானமாகக் கிடைத்த ரத்தத்தை ஏற்றும் ரத்தமாற்றுச் சிகிச்சை. கடும் மஞ்சள் காமாலை வந்த பச்சிளம் குழந்தைக்குச் செய்வார்களே, அதே முறைதான். 4 கிலோ குழந்தைக்கு, அதன் உடம்பில் உள்ளதைப் போல இருமடங்கு ரத்தம் மாற்ற ஏறக்குறைய 640 மில்லி வேண்டும். இதற்குப் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் கிடையாது. பல நாட்டு மருத்துவர்களின் அனுபவத்தை வைத்தே செய்கிறோம். என் கருத்தில், செய்வதென்றால் ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்னால் செய்ய வேண்டும், விழுந்த பிறகு செய்தால் பலன் மிகக் குறைவு. இதயம், நுரையீரலின் வேலையை உடம்புக்கு வெளியிலிருந்து செய்யும் எக்மோ இயந்திரம் கடைசிப் படி. கக்குவானில் அதன் பலனும் மற்ற நோய்களில் உள்ள அளவுக்கு இல்லை.

காரைக்குடியிலிருந்து மதுரையானாலும் திருச்சியானாலும் 80, 90 கிலோமீட்டர். நேரம் முக்கியம் என்று நான் சொல்வதற்கு இந்தத் தூரமும் காரணம். மூச்சு நின்ற குழந்தையை பைக்கில் மடியில் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், ஆக்சிஜனோடு போங்கள். வண்டி வருவதற்குள் மறுபடி நின்றால் குலுக்க வேண்டாம். வாயிலிருக்கும் சளியைத் துடைத்து, உள்ளங்காலைத் தேய்த்துவிடுங்கள். அப்படியும் வராவிட்டால் குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, மார்பு எழும் அளவுக்கு மட்டும் மெல்ல ஊதுங்கள்.

கைக்குழந்தைக்கு இது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வீட்டிலிருந்தேதான். பேறுகாலம் தாய் வீட்டில். பிள்ளை பார்க்க ஊரே வரும், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்துகூட வருவார்கள். மூன்று வாரமாக இருமும் ஐயா, “பீடி இருமல்தான்” என்று சொல்லிக்கொண்டே பேரனைக் கொஞ்சுவார். சிறு வயதில் தடுப்பூசி போட்டிருந்தாலும், நோயே வந்திருந்தாலும் எதிர்ப்புச் சக்தி காலப்போக்கில் மங்கிவிடும். பெரியவர்களுக்கு அது நீண்ட இருமலாக வந்து போய்விடும். ஒரு குழந்தை அட்மிட் ஆனால், இருமல் இல்லாதவர்களையும் சேர்த்து வீட்டிலிருப்பவர்கள் எல்லோரையும் அதே அசித்ரோமைசினைச் சாப்பிடச் சொல்வது இதனால்தான்.

அரசுத் திட்டத்தில், கக்குவானையும் சேர்த்து ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியின் முதல் தவணை ஆறாவது வாரத்தில். பிறகு 10, 14-ஆம் வாரங்களில். அந்த முதல் ஆறு வாரத்துக்குத் தாயிடமிருந்து வரும் எதிர்ப்புப் புரதம் மட்டுமே துணை. கர்ப்பத்தின் 27 முதல் 36 வாரத்துக்குள் கக்குவானையும் தடுக்கும் டிடேப் (Tdap) ஊசியைத் தாய்க்குப் போட்டால் அந்த எதிர்ப்புப் புரதம் குழந்தைக்குப் போய்ச் சேரும். பிரிட்டனில் 2012-இல் கைக்குழந்தைகள் இறந்ததைப் பார்த்து கர்ப்பிணிகளுக்கு இதைத் தொடங்கினார்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடும் டிடி (Td) ஊசியில் ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டுமே பாதுகாப்பு உண்டு, கக்குவானுக்கு இல்லை. “கர்ப்பத்தில ஊசி போட்டாச்சு” என்று சொல்பவர்களிடம் எந்த ஊசி என்று நான் கேட்பது அதற்காகத்தான். டிடேப்பை வெளியில் காசு கொடுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் போட வேண்டும்.

பிழைத்து வீடு வந்த குழந்தைக்கும் இருமல் சில வாரம், சில சமயம் சில மாதம் இழுக்கும். புதிதாகச் சளி பிடிக்கும்போதெல்லாம் அதே இருமல் தலைகாட்டலாம். நோய் திரும்பிவிட்டதென்று அர்த்தமில்லை, ஆன்டிபயாடிக்கை மறுபடி வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். கக்குவான் வந்துபோன பிள்ளைதானே என்று மீதித் தவணைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவற்றையும், ஒன்றரை வயது, ஐந்து வயது பூஸ்டர்களையும் அட்டையில் உள்ளபடி போட்டாக வேண்டும்.