இஜென் எரிமலையில் ஓடும் நீல நெருப்பு

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், பன்யுவாங்கி நகரத்துக்கு மேற்கே இருக்கிறது இஜென் எரிமலை. இருட்டில் பாறைச் சரிவு வழியே நீல நெருப்பு வழிந்தோடும் அதன் படங்கள், 'நீல எரிமலைக் குழம்பு' என்ற பெயரில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அப்படி ஒரு குழம்பு உலகில் எங்கும் கிடையாது. உருகிய பாறை சிவப்பாகவோ ஆரஞ்சாகவோதான் ஒளிரும். இஜெனில் எரிவது கந்தகம்; நம் வீட்டுப் பட்டாசு மருந்தில் இருக்கும் அதே கந்தகம்.

அதைப் பார்க்க நள்ளிரவுக்குப் பிறகு கிளம்ப வேண்டும். பால்டுடிங் என்ற இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் ஏற்றம். எரிமலை வாயின் விளிம்பு 2,300 மீட்டருக்கு மேல் இருப்பதால், வெப்ப மண்டலத் தீவாயிற்றே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போகிறவர்கள் நடுங்குவார்கள். விளிம்பிலிருந்து உள்ளே இறங்கும் பாதை வெறும் பாறைக் குவியல்.

நிலத்தடியிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் ஒன்றோடொன்று வினைபுரிந்தால் கந்தகமும் நீரும் உண்டாகும். இந்தக் கந்தகம் ஆவியாக, 600 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் பாறை வெடிப்புகள் வழியே வெளியே வருகிறது. கந்தகம் தானாகத் தீப்பிடிக்க ஏறக்குறைய 250 டிகிரி போதும். காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்கிறது. எரியும்போது கிளர்ச்சியடையும் கந்தக மூலக்கூறுகள் உமிழும் ஒளிதான் அந்த நீலம். ஆவியில் ஒரு பகுதி குளிர்ந்து திரவமாகி, எரிந்துகொண்டே சரிவில் வழிகிறது. குழம்பு என்று கண் ஏமாறுவது இங்கேதான்.

சுற்றுலாப் பயணிக்கு அது வேடிக்கை. கந்தகம் வெட்டும் தொழிலாளிக்கோ, சரக்கு கண்ணெதிரே எரிந்து காற்றோடு போகிறது. அவர்கள் வெடிப்புகளின் மேல் நீண்ட குழாய்களைப் பதித்திருக்கிறார்கள். காற்றுப் படாமல் குழாய்க்குள் வரும் ஆவி, எரியாமல் குளிர்ந்து திரவமாகிறது. குழாயின் வாயில் சொட்டும்போது அது அடர் சிவப்பு. 160 டிகிரிக்கு மேல் கந்தகத்தின் வளைய மூலக்கூறுகள் உடைந்து சங்கிலிகளாக நீள்வதால் வரும் நிறம். 115 டிகிரி வாக்கில் உறைந்து, மெல்ல மெல்ல மஞ்சளாக வெளுக்கிறது. அதைக் கடப்பாரையால் பெயர்த்து இரண்டு கூடைகளில் நிரப்பி, மூங்கில் கம்பின் இரு முனையிலும் காவடிபோல் தொங்கவிட்டுத் தோளில் தூக்குகிறார்கள். ஒரு சுமை 70 முதல் 90 கிலோ. நாம் வெறுங்கையோடு மூச்சு வாங்கி ஏறும் அதே செங்குத்துப் பாதைதான் அவர்களுக்கும்.

புகைதான் உண்மையான ஆபத்து. கந்தக டை ஆக்சைடு காற்றைப் போல் இரு மடங்குக்கும் மேல் கனமானது. ஆறியதும் பள்ளத்தில் தேங்கும். கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் கரைந்து அங்கேயே அமிலமாகும். ஈரத்துணியை வாயில் கவ்விக்கொள்ளும் தொழிலாளிகளின் வழக்கத்துக்கு இதனால் ஓரளவு பொருள் உண்டு: துணியின் ஈரம் வாயுவில் கொஞ்சத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் அது வடிகட்டியுள்ள முகமூடிக்கு ஈடாகாது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் வஞ்சகமானது. அளவு கூடும்போது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடையக்கூடாது. 2018 மார்ச்சில் ஓர் இரவு எரிமலை வாய்க்குள் இருக்கும் ஏரியிலிருந்து கிளம்பிய வாயு மலையடிவாரக் கிராமம்வரை இறங்கி, ஏறக்குறைய 30 பேரை மருத்துவமனைக்கு அனுப்பியது.

அந்த ஏரி இருட்டில் தெரியாது. விடிந்தால் கீழே பச்சை கலந்த நீலத்தில் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து கிடக்கும். பார்க்கக் குளிக்கத் தோன்றும். ஆனால் அது கந்தக அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த நீர். அதன் பிஎச் 0.5-க்கும் கீழே. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் சுமார் 2, ஒவ்வோர் எண் இறங்கும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஏரியிலிருந்து புறப்படும் ஆற்றை ஊர்க்காரர்கள் பன்யுபாஹித் என்கிறார்கள். ஜாவா மொழியில் 'கசப்புத் தண்ணீர்'.

வெயில் ஏறும்போது நீல நெருப்பு மறைந்துவிட்டது என்று பயணிகள் மேலேறத் தொடங்குவார்கள். நெருப்பு அணையவில்லை, பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கீழே ஒருவர் குழாயின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார், உள்ளே வரும் ஆவி குளிர்ந்து கந்தகமாகச் சொட்டட்டும் என்று.