விதண்டாவாதம்: மறுப்பவரெல்லாம் விதண்டாவாதிகள் அல்லர்

எதிர்க்கொள்கை உடையவரோடு பேசிப் பேச்சு முற்றும்போது, "இது வெறும் விதண்டாவாதம்" என்று சொல்லி எழுந்துவிடுகிறோம். பிடிவாதம், குதர்க்கம், வாய்ச்சண்டை ஆகிய அனைத்துக்கும் பொதுப்பெயராகவே இச்சொல் இன்று வழங்குகிறது. இதன் பழம்பொருளோ மிக நுட்பமானது. அதை இழந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இது வடசொல். 'விதண்டா' என்பதோடு, பேசுதலைக் குறிக்கும் 'வத்' என்னும் வேரிலிருந்து வந்த 'வாதம்' சேர்ந்தது. (வாதநோயில் வரும் வாதம் காற்றைக் குறிக்கும் வேறொரு சொல், தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.) கௌதமர் பெயரால் வழங்கும், இந்தியத் தருக்கவியலின் மூலநூலான நியாய சூத்திரம் சொல்லாடலை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறிவதற்காக, இருவரும் தத்தம் பக்கத்தைச் சான்றுகளால் நிறுவிப் பேசுவது வாதம். வெல்வதற்காகச் சொற்புரட்டையும் கையாள்வது ஜல்பம். புதிய கம்பளி போர்த்திய ஒருவரை 'நவகம்பளம் உடையவர்' என்று சொன்னால், "ஒன்றுதானே இருக்கிறது, ஒன்பது எங்கே?" என்று கேட்பதைச் சொற்புரட்டுக்கு எடுத்துக்காட்டாக அந்நூலுக்கு வாத்ஸ்யாயனர் எழுதிய உரை தருகிறது, 'நவ' என்பதற்குப் புதிய, ஒன்பது என இரு பொருளும் உண்டு. அந்த ஜல்பத்திலும் தன் பக்கத்தை நாட்டாமல், எதிராளி நாட்டியதை இடிப்பதோடு நின்றுவிடுவதே விதண்டை. ஆகவே குரல் உயர்வதோ சொல் தடிப்பதோ இதன் இலக்கணம் அன்று. மிகப் பணிவாகப் பேசிக்கொண்டே ஒருவர் விதண்டை செய்யலாம்.

கருக்கலைப்பைப் பற்றிய விவாதத்தில் இது தெளிவாகத் தெரியும். இந்தியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டபோது, குறிப்பிட்ட சில பிரிவுப் பெண்களுக்கான வரம்பு 20 வாரத்திலிருந்து 24 வாரமாக உயர்ந்தது. அதை ஆதரிப்பவரிடம், "24 வாரம் முடிந்த மறுநாள் கருவில் என்ன மாறிவிடுகிறது?" என்று ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். "ஆகவே கருவுற்ற நாள்முதலே கூடாது" என்றோ, "ஆகவே வரம்பே வேண்டாம்" என்றோ அவர் தொடர்ந்தால் அது வாதம். அவருடைய நிலையையும் அப்போது சோதிக்கலாம். எந்த நிலையையும் ஏற்காமல், அடுத்தது பாலியல் வன்கொடுமை, அதற்கடுத்தது மருத்துவரின் மனச்சான்று என்று கேள்விகளை மட்டும் அடுக்கிக்கொண்டே போனால் அது விதண்டை. பேச்சுரிமை விவாதத்திலும் இதே கதைதான்: பேச்சுரிமைக்கு அரசமைப்பின் 19(2) பிரிவு அனுமதிக்கும் ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் பழிப்பவர், அவதூறுக்கு எந்த எல்லையை வைப்பார் என்று கடைசிவரை சொல்வதில்லை.

ஆனாலும் பழைய நூலார் விதண்டையை முற்றிலும் ஒதுக்கிவிடவில்லை. இளமுளையைக் காக்க முட்கிளைகளால் வேலியிடுவதுபோல, உண்மையைக் காக்க ஜல்பமும் விதண்டையும் பயன்படும் என்று நியாய சூத்திரமே சொல்கிறது. 'எனக்கென்று நாட்டும் கருத்து ஒன்றும் இல்லை' என்று வெளிப்படையாகவே அறிவித்த பௌத்த மெய்யியலார் நாகார்ச்சுனரின் முறையையும் நேர்மையற்றது என்று தள்ளிவிட முடியாது.

இதற்குத் தமிழில் 'வீண்வாதம்' என்று எழுதுவது போதாது. வீணானது என்ற தீர்ப்பு அதில் இருக்கிறது, எவ்வகையில் வீண் என்பது இல்லை. நன்னூல் எழுவகை மதங்களை, அதாவது நூலாசிரியர் மேற்கொள்ளும் கொள்கைகளைக் கூறும்போது 'மறுத்தல்' என்பதை ஒன்றாகவும், 'தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு' என்பதை வேறொன்றாகவும் வைக்கிறது. தானே ஒரு கருத்தை நாட்டி அதை நிலைநிறுத்துவது பின்னது. முன்னதை மட்டும் கைக்கொண்டு பின்னதை விட்டுவிடுவதே விதண்டை என்பதால், 'நாட்டாது மறுத்தல்' என்னும் தொடரை நான் பரிந்துரைக்கிறேன். 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு' என்பதும் அதே பட்டியலில் உண்டு. எதிராளியின் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு அதை நீக்குவது அது. இன்றைய விவாத மேடைகளில் நான் மிகவும் ஏங்குவது இதற்குத்தான்.

எனவே, கருக்கலைப்பு எந்நிலையிலும் கூடாது என்று ஒருவர் அறிவித்து, எத்தனை முறை கேட்டாலும் அதிலேயே நின்றால், அவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்லலாம். விதண்டாவாதி என்று சொல்வது சொற்பிழை.