சைட்டேஷன்: மேற்கோளா, சுட்டுகையா?

ஓர் ஆய்வாளரை நாளிதழில் அறிமுகப்படுத்தும்போது இப்போதெல்லாம் இந்த வரி தவறாமல் வந்துவிடுகிறது: “இவருடைய கட்டுரைகள் இத்தனை ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன.” பல்கலைக்கழகத்துக்குள் இதையே “சைட்டேஷன் எவ்வளவு?” என்று கேட்பார்கள். ஆய்வுலகுக்கு வெளியே இருப்பவர் ‘மேற்கோள்’ என்றதும் என்ன நினைப்பார்? மேடையில் குறளை எடுத்துச் சொல்வார்களே, அந்த மாதிரி இவர் எழுதிய வரிகளை ஆயிரம் பேர் அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைப்பார். அறிவியல் கட்டுரைகளில் அது மிக அரிது. “இந்தச் செய்தி எனக்கு அந்தக் கட்டுரையிலிருந்து வந்தது, வேண்டுமானால் அங்கே போய்ப் பாருங்கள்” என்று வாக்கியத்தின் ஓரத்தில் ஓர் எண்ணையோ, பெயரையும் ஆண்டையும் சேர்த்தோ போடுகிறார்கள். அப்படி ஒரு குறிப்பு போட்டால் சைட்டேஷன் ஒன்று.

நரம்பறிவியலில் மிக அதிகமாக இப்படிக் குறிக்கப்பட்ட கட்டுரைகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தால் இது தெளிவாகும். 1957இல் வில்லியம் ஸ்கோவில், பிரெண்டா மில்னர் இருவரும் சேர்ந்து வெளியிட்டது. பதினொரு பக்கம்தான். ஸ்கோவில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகர நரம்பு அறுவை மருத்துவர். மில்னர் மான்செஸ்டரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, கனடாவின் மாண்ட்ரியலுக்குப் போன உளவியலாளர். கடுமையான வலிப்பு நோய் இருந்த 27 வயது இளைஞருக்கு 1953இல் ஸ்கோவில் அறுவை செய்தார். மூளையின் இரு பக்கமும் பொட்டு மடலின் உட்பகுதியை, அங்கே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியோடு சேர்த்து அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் புதிதாக எதையும் நினைவில் வைக்கும் திறன் போய்விட்டது.

1955 ஏப்ரலில் மில்னர் அவரைச் சோதித்தார். இன்று என்ன தேதி என்று கேட்டதற்கு 1953 மார்ச் என்றார். வயது கேட்டதற்கு 27 என்றார். அறைக்குள் வருவதற்குச் சற்று முன்புதான் கார்ல் பிரிப்ராம் என்ற மருத்துவரோடு பேசிக்கொண்டிருந்தார்; அது துளியும் நினைவில் இல்லை, யாரும் தன்னோடு பேசவில்லை என்றார். ஆனால் அறிவுத்திறன் ஈவு (ஐ.க்யூ.) அறுவைக்கு முன் 104, பின் 112. அதாவது அறிவு அப்படியே இருக்கிறது, புது நினைவு மட்டும் உருவாகவில்லை. நினைவுக்கென்று மூளையில் தனிப் பகுதி இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அதுவரை கிடைத்திருக்கவில்லை. அவரை உலகம் எச்.எம். என்ற இரண்டு எழுத்தால் மட்டுமே அறிந்திருந்தது. 2008இல் அவர் இறந்த பிறகே ஹென்றி மொலெய்சன் என்ற பெயர் வெளியே வந்தது.

அந்தக் கட்டுரையை இதுவரை ஆயிரக்கணக்கான கட்டுரைகள் குறித்திருக்கின்றன. எதற்காக என்று பார்ப்பதுதான் முக்கியம். சிலர் ‘நினைவுக்கு ஹிப்போகாம்பஸ் தேவை’ என்ற வாக்கியத்துக்கு ஆதாரமாகக் குறிக்கிறார்கள். சிலர் அங்கிருந்து கிளம்பி வேறு திசைக்குப் போகிறார்கள்: கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை எச்.எம். நாளுக்கு நாள் நன்றாகச் செய்தார், ஆனால் அதைச் செய்த நினைவே அவருக்கு இல்லை என்று பின்னர் மில்னரே காட்டினார். கைப்பழக்கத்துக்கான நினைவு வேறு இடத்தில் இருக்கிறது என்ற தனி ஆய்வுக் கிளை அதிலிருந்து வளர்ந்தது. வேறு சிலர் திருத்துவதற்காகக் குறிக்கிறார்கள். மூளையின் பின்பக்கமாக 8 சென்டிமீட்டர் வரை அகற்றியதாக ஸ்கோவில் கணித்திருந்தார். 1997இல் சூசன் கார்க்கின் குழுவினர் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தபோது அது 5 சென்டிமீட்டர் அளவுதான் என்று தெரிந்தது. ஹிப்போகாம்பஸின் பின்பகுதி எஞ்சியிருந்தது. அந்தத் திருத்தமும் 1957 கட்டுரையின் கணக்கில் ஒன்றாகவே சேரும். ஏற்பவரும் மறுப்பவரும் ஒரே பட்டியலில்தான் வருகிறார்கள்.

சொல்லின் பிறப்பும் இதற்கு ஒத்துத்தான் வருகிறது. இலத்தீனில் ‘சிட்டாரே’ என்றால் கிளப்புதல், அழைத்தல். ஆங்கிலத்துக்குச் சைட்டேஷன் வந்தபோது முதல் பொருள், திருச்சபை நீதிமன்றத்துக்கு வரச்சொல்லும் ஆணை. நாம் சம்மன் என்கிறோம், இலங்கையில் அழைப்பாணை என்பார்கள். நூலிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்காட்டுவது என்ற பொருள் பிறகு வந்தது. ஆளைச் சாட்சிக்கு அழைப்பதிலிருந்து, எழுத்தைச் சாட்சிக்கு அழைப்பதற்கு நகர்ந்திருக்கிறது. அழைக்கப்பட்ட சாட்சி நமக்குச் சாதகமாகத்தான் பேச வேண்டும் என்றில்லை. விருது விழாவில் வாசித்துக் கொடுக்கும் பாராட்டுரைக்கும் இதே சொல் இருப்பதால், சைட்டேஷன் என்றாலே புகழ்ச்சி என்ற எண்ணம் பலரிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அது வேறு, இது வேறு.

எண்ணிக்கைப் பழக்கமும் நீதிமன்றப் பக்கத்திலிருந்துதான் வந்தது. ஒரு தீர்ப்பைப் பிந்தைய தீர்ப்புகள் ஏற்றனவா, தள்ளினவா என்று வழக்கறிஞர்கள் தேடிப் பிடிப்பதற்காக ஃபிராங்க் ஷெப்பர்டு 1873இல் அமெரிக்காவில் ஒரு பட்டியலைத் தொடங்கினார். அந்த முறையைப் பார்த்த தகவலியலாளர் யூஜின் கார்ஃபீல்டு, அறிவியலுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று 1955இல் எழுதினார். 1964இல் வெளியிட்டும் காட்டினார். இன்றைய வெப் ஆஃப் சயன்ஸ் என்ற தரவுத்தளம் அதன் வாரிசு. ஒரு கருத்து எங்கெல்லாம் போயிருக்கிறது, எங்கே மறுக்கப்பட்டிருக்கிறது என்று தேடுவதற்கான கருவியாகத்தான் கார்ஃபீல்டு அதை முன்வைத்தார். ஆளை எடைபோடும் தராசாக அது மாறியது பிறகுதான்.

இனித் தமிழுக்கு வருவோம். மேற்கோள் பழைய சொல். ‘மேல்’, ‘கோள்’ இரண்டும் சேர்ந்தது. கோள் என்றால் கொள்ளுதல், கொள்கை. பழைய வழக்கில் இந்தச் சொல்லின் பொருள் இன்றைய பொருளுக்கு ஏறக்குறைய நேரெதிர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வரிசை வரும். அங்கே மேற்கோள் என்பது ஆசிரியர் தாம் நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. ஏது அதற்கான காரணம். நன்னூலின் பாயிரத்திலும் இந்தச் சொல் இருக்கிறது. அதுவும் பழைய நூற்பாக்களை ஏன் அப்படியே எடுத்தாள்கிறோம் என்று சொல்லும் இடத்திலேயே:

“முன்னோர் மொழிபொருளே யன்றி அவர்மொழியும்
பொன்னேபோல் போற்றுவம் என்பதற்கும் – முன்னோரின்
வேறுநூல் செய்துமெனும் மேற்கோளில் என்பதற்கும்
கூறுபழஞ் சூத்திரத்தின் கோள்.”

முன்னோர் சொன்ன பொருளை மட்டுமல்ல, அவர்களுடைய சொற்களையும் பொன்போலப் போற்றுகிறோம். அவர்களிலிருந்து விலகி வேறு நூல் செய்வோம் என்ற மேற்கோள் எங்களுக்கு இல்லை. இவற்றைக் காட்டவே பழஞ்சூத்திரங்களை எடுத்துக்கொள்கிறோம் என்கிறார் பவணந்தி. இங்கும் மேற்கோள் என்றால் தாம் மேற்கொள்ளும் துணிபு. பிறர் வாக்கை எடுத்துக்கொள்வதற்கு அவர் வைத்திருக்கும் சொல் வெறும் ‘கோள்’. பிறருடைய வாக்கை நம் கருத்துக்கு ஆதாரமாகக் கொள்வது என்ற பொருள் மேற்கோளில் நிலைத்த பிறகு, பழந்தமிழ் நூல்களின் பதிப்புகளில் ‘மேற்கோள் அகராதி’ என்றே பின்னிணைப்பு வரத் தொடங்கியது. எந்தச் செய்யுளை எந்த உரையாசிரியர் எங்கே எடுத்தாண்டார் என்று அதில் தேடலாம். கார்ஃபீல்டின் பட்டியல் செய்யும் வேலைக்கு மிகவும் பக்கத்தில் வரும் வேலை இது. மூலநூல் அழிந்துபோய், உரைகளில் வந்த மேற்கோளால் மட்டுமே பிழைத்த செய்யுள்கள் தமிழில் எத்தனையோ உண்டு.

அதனால் மேற்கோளைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொற்களை அப்படியே எடுத்து எழுதுவதற்கு அதுவே சரியான சொல், மேற்கோள்குறியும் அதற்குத்தான் இருக்கிறது. சிக்கல் சைட்டேஷனையும் அதே சொல்லால் சொல்லும்போது வருகிறது. மில்னரின் கட்டுரையைக் குறித்த ஆயிரக்கணக்கானோரில் அவருடைய வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதியவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். இலங்கை எழுத்தில் புழங்கும் ‘உசாத்துணை’ அருமையான சொல். உசாவுவதற்கான துணை என்று விரியும். ஆனால் அது கட்டுரையின் கடைசியில் வரும் பட்டியலுக்கே பொருந்தும். ‘சான்று’ என்றால் ஆதரவு என்ற சாயல் வந்துவிடுகிறது, திருத்துவதற்காகக் குறிப்பவரை அது வெளியே தள்ளும். ‘எடுத்தாளுகை’யும் திரும்ப மேற்கோளிடமே கொண்டுபோய் விடுகிறது.

என் தேர்வு ‘சுட்டுகை’. அந்த, இந்த என்று காட்டுவதற்குச் சுட்டெழுத்து வைத்திருக்கும் மொழி நம்முடையது. சுட்டுவதில் புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. ‘அங்கே இருக்கிறது’ என்பது மட்டும்தான். தொல்காப்பியர் வரிக்கு வரி ‘என்மனார் புலவர்’ என்கிறாரே, அதுவும் பெயர் சொல்லாத சுட்டுகைதான்.

இந்தத் தெளிவு வந்தால் ஹெச்-இண்டெக்ஸைப் புரிந்துகொள்வதும் எளிது. ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் பெற்ற சுட்டுகைகளை ஒரே எண்ணாகச் சொல்ல, இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த கணக்கு அது. தமிழில் எச்-சுட்டெண் எனலாம். ஒருவருடைய ஐந்து கட்டுரைகள் முறையே 900, 40, 6, 5, 2 சுட்டுகைகள் பெற்றிருப்பதாக வையுங்கள். குறைந்தது நான்கு சுட்டுகையாவது பெற்ற கட்டுரைகள் நான்கு இருக்கின்றன. ஐந்து பெற்றவை ஐந்து இல்லை. அதனால் எண் 4. சரி, முதல் கட்டுரை 900க்குப் பதில் 9 மட்டுமே பெற்றிருந்தால்? அப்போதும் 4தான். ஒரு துறையின் போக்கையே மாற்றிய 1957 கட்டுரை போன்ற ஒன்று அந்த எண்ணில் தனியாகத் தெரியாது. பணி நியமனத்தில் இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து ஆளை அளப்பது எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

எண்ணில் வராமலே போவதும் உண்டு. நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்துக்கு ‘சினாப்ஸ்’ என்று 1897இல் பெயர் வைத்தவர் சார்லஸ் ஷெரிங்டன். இன்று அந்தச் சொல்லை எழுதுபவர்களில் பெரும்பாலோர் அவரைச் சுட்டுவதில்லை. பொது அறிவாகக் கரைந்துவிட்ட கண்டுபிடிப்புக்குச் சுட்டுகை நின்றுவிடும். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைத் தனியாகவே எடுத்துப் பேசியிருக்கிறார்.

எழுதும்போது இப்படி வைத்துக்கொள்ளலாம்: சுட்டும் கட்டுரை, சுட்டப்பட்ட கட்டுரை, தன் கட்டுரையைத் தானே சுட்டினால் தற்சுட்டுகை. செய்தியில் எழுதும்போது “மில்னரின் கட்டுரை ஆயிரக்கணக்கான ஆய்வுகளில் சுட்டப்பட்டிருக்கிறது” என்றால் போதும். அவருடைய வாக்கியத்தையே எடுத்துப் போட்டால் மட்டும் “மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது” என்று எழுதுங்கள்.