தீபாவளிக்கு முன் சிம்னியைத் திறங்கள், கார்ப்பெட்டை விட்டுவிடுங்கள்

புரட்டாசி பாதி தாண்டியதும் மதுரையில் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் போன் ஓயாது. அண்ணா நகர், கே.கே.நகர், திருநகர், அய்யர் பங்களா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே கோரிக்கைதான். "தீபாவளி வருது தம்பி, சிம்னி, சோபா, கார்ப்பெட் எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சுக் குடுத்துருங்க." நான் சொல்லும் பதிலும் எப்போதும் ஒன்றுதான். சிம்னிக்கு நாளைக்கே வருகிறேன், கார்ப்பெட் வேண்டாம். வருகிற வேலையை ஏன் தள்ளுகிறார் என்று பலர் குழம்புகிறார்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு. சிம்னி விஷயம் பெரியது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் வீடுகளில் அன்றாடச் சமையலில் எண்ணெய் கொதிக்கும் நேரம் குறைவு. கடுகு தாளிக்கிறோம், வெங்காயம் வதக்குகிறோம், அவ்வளவுதான். தீபாவளிக்கு முந்தைய வாரம் அப்படியில்லை. முறுக்கு, சீடை, அதிரசம் என்று வாணலி மணிக்கணக்கில் அடுப்பிலிருந்து இறங்குவதில்லை. சிம்னியும் அத்தனை மணி நேரம் ஓடுகிறது. வருடம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஃபில்டர், அந்தக் கொதிக்கிற வாணலிக்கு இரண்டரை அடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிசுக்கை அழுக்கு என்று மட்டும் நினைக்காதீர்கள், அது எரிபொருள். வாணலியில் ஒரு தடவை தீ பற்றினால் போதும், ஓடிக்கொண்டிருக்கிற சிம்னி அந்தச் சுவாலையைத் தானே மேலே இழுத்துக்கொள்ளும்.

வீட்டுக்குப் போனதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "டக்டைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்?" டக்ட் என்பது சிம்னிப் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய். பெரும்பாலும் பதில் வராது. "ஃபில்டரை மாசா மாசம் கழுவிருவோமே" என்பார்கள். அது நல்ல பழக்கம்தான், ஆனால் பாதி வேலைதான்.

ஃபில்டர் என்ன செய்கிறது என்று பாருங்கள். மடிப்பு மடிப்பாக இருக்கும் ஸ்டீல் பேஃபிள் ஃபில்டர், புகையை நேராகப் போகவிடாமல் வளைத்து வளைத்து அனுப்புகிறது. கனமான எண்ணெய்த் துளிகள் அந்த வளைவில் திரும்ப முடியாமல் ஸ்டீலில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. மெல்லிய ஆவியாக இருப்பது தப்பித்து மேலே போகிறது. போகும் வழியில் மோட்டார் விசிறியின் இறக்கைகளிலும் உள்சுவரிலும் படிகிறது. அதற்கப்புறம் குழாய்க்குள் நுழைந்து, சூடு ஆறியதும் அங்கேயே திரும்ப எண்ணெயாகிவிடுகிறது. நாளாக ஆக அது காற்றுப்பட்டு இறுகிப் பிசின் மாதிரி ஆகிவிடும். சூரியகாந்தி எண்ணெய் அதிகம் புழங்கும் வீடுகளில் இது இன்னும் சீக்கிரம் இறுகுகிறது. கடலை எண்ணெய் வீடுகளும் தப்பிப்பதில்லை.

அதிலும் மடிப்பு மடிப்பாக இழுத்து நீட்டும் அலுமினிய டக்டாக இருந்தால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு சின்ன எண்ணெய்த் தொட்டி. கே.கே.நகர்ப் பக்கம் ஒரு வீட்டில் புதிதாக மாடுலர் கிச்சன் போட்டிருந்தார்கள். புகை இழுக்கவில்லை என்று வேறு ஆட்களைப் பலமுறை கூப்பிட்டிருக்கிறார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஃபில்டரைக் கழுவி, முன்கண்ணாடியைப் பளபளவென்று துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பரணுக்குப் பின்னால் பலகை அடித்து மறைத்திருந்த டக்டை யாரும் பார்க்கவில்லை. பலகையைக் கழற்றிப் பார்த்தால், நடுவில் பிடிப்பு இல்லாமல் குழாய் தொய்ந்து கிடந்தது. தொய்ந்த இடத்தில் எண்ணெய் தேங்கி, பாதி வழி அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு ஆள் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துத்தான் அதை இறக்க முடிந்தது. அந்த அம்மா அன்றைக்குப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. அந்தக் குழாய்க்குக் கீழேதான் தினமும் பிள்ளைகளுக்கு ஆம்லெட் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டோ கிளீன் சிம்னி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெயரை நம்பி, எதையும் தொட வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு ஹீட்டர் சூடாகி, விசிறிப் பக்கம் ஒட்டியிருக்கும் எண்ணெயை இளக்கி, கீழே உள்ள கிண்ணத்தில் வடியவிடும். அதோடு அதன் வேலை முடிந்தது. டக்டுக்குள் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அழுத்தினால் பலன் இருக்கிறது. ஒரு வருடம் மறந்துவிட்டு அழுத்தினால், இறுகிய பிசின் அந்தச் சூட்டுக்கு அசையாது. எண்ணெய்க் கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டவும் மறந்துவிடுகிறார்கள். நிரம்பி வழிந்து அடுப்பிலேயே சொட்டிய வீடுகள் உண்டு.

டக்ட் எந்தப் பக்கம் வெளியே போகிறது என்பதும் நம் ஊரில் முக்கியம். ஆடி மாதத்தில் தேனிப் பக்கமிருந்து வருகிற மேல்காற்று மதுரையில் எப்படி அடிக்கும் என்று தெரியும். மேற்குச் சுவரில் வாய் திறந்து நிற்கும் குழாய்க்குள் அந்தக் காற்று நேராகப் புகுந்துவிடுகிறது. சிம்னி வெளியே தள்ளப் பார்க்கும், காற்று உள்ளே தள்ளும், புகை சமையலறைக்கே திரும்பும். "ஆடி வந்தா சிம்னி ரிப்பேர் ஆயிருது" என்று ஒருவர் சொன்னபோது எனக்கு உடனே புரிந்துவிட்டது. மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. குழாய் முனையில் ஒரு மூடி, ஒருபக்கம் மட்டும் திறக்கும் தகடு, அதற்குமேல் ஒரு வலை, இவை போட்டதும் சரியாகிவிட்டது. வலை அணிலுக்கும் புறாவுக்கும். வெயில் காலத்தில் ஊருக்குப் போய்விட்டு வரும் வீடுகளில் டக்டுக்குள் தேங்காய் நாரும் பஞ்சும் சேர்த்து அணில் கூடு கட்டியிருப்பதை எடுத்திருக்கிறோம். எண்ணெய்ப் பிசுக்கோடு காய்ந்த நாரும் சேர்ந்தால் எப்படிப் பற்றும் என்று சொல்லத் தேவையில்லை. வலையின் கண் ரொம்பச் சின்னதாக இருந்தால் அதுவே பிசுக்கால் அடைத்துக்கொள்ளும், ஆகவே கொஞ்சம் அகலக் கண்ணாகப் போடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை அதையும் துடையுங்கள்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு: டக்டுக்குப் பிளம்பர் மிச்சம் வைத்த பிவிசி குழாயை மாட்டவிடாதீர்கள். சூட்டில் இளகும், தீப்பிடித்தால் நச்சுப் புகை கிளப்பும். உலோகக் குழாயாக இருக்கட்டும், ஆறு அங்குலத்துக்குக் குறையாமல், வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக விடாதீர்கள், சண்டை நிச்சயம்.

வீட்டில் நீங்களே செய்வதற்கு ஃபில்டர் போதும். கொதிக்கிற தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவமும் இரண்டு கரண்டி சமையல் சோடாவும் போட்டு அரை மணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். நம் சமையலுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்பது சரியான கணக்கு. தயவுசெய்து காஸ்டிக் சோடாவைத் தொடாதீர்கள். எண்ணெயை நொடியில் எடுக்கும் என்று சில சர்வீஸ் ஆட்களே அதை ஊற்றுகிறார்கள். அலுமினியத்தை அது அரித்துத் தின்றுவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மோட்டார், டக்ட் இரண்டையும் வருடத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கறி, மீன் வறுவல் அதிகம் செய்கிற வீடு என்றால் இரண்டு முறை. வருகிற ஆளிடம் வேலை தொடங்குமுன், "டக்டைக் கழற்றுவீர்களா?" என்று கேளுங்கள். மழுப்பினால் அனுப்பிவிடுங்கள். வெளியே குழாய் போகிற சிம்னிக்குக் கரி ஃபில்டர் மாற்ற வேண்டும் என்று பணம் கேட்டாலும் அனுப்பிவிடுங்கள். கரி ஃபில்டர், குழாய் இல்லாமல் காற்றைச் சுத்தம் செய்து அறைக்குள்ளேயே திருப்பி விடும் சிம்னிக்குத்தான்.

இன்னொரு விஷயத்தை எந்த வீட்டுக்குப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். சமையலறையில் கேஸ் வாடை அடித்தால் சிம்னியைப் போடாதீர்கள். வாடையை இழுத்துவிடும் என்று நினைத்துப் பலர் முதலில் செய்வதே அதுதான். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து நிற்கும், மேலே இருக்கும் சிம்னியால் அதை முழுதாக எடுக்க முடியாது. சுவிட்சிலும் மோட்டாரிலும் வருகிற ஒரு பொறி போதும், வெடித்துவிடும். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் கை எட்டுகிற பக்கமாக இருக்கும்போதே அடுப்பை அணைத்து, சிம்னியை நிறுத்தி, பெரிய தட்டால் மூடுங்கள். தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. ஊற்றிய தண்ணீர் கொதிக்கிற எண்ணெய்க்கு அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயை அறை முழுக்க வீசிவிடும். தீ டக்டுக்குள் ஏறிவிட்டது என்று தோன்றினால் மேலே ஏறிப் பார்க்க வேண்டாம். எல்லாரையும் வெளியேற்றிவிட்டு 101-ஐ அழையுங்கள்.

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்து ஓட்டு வீடுகளில் விறகடுப்புக்கு மேலே புகைக்கூண்டு இருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தக் கரியையும் ஒட்டடையையும் தட்டிவிடுவார்கள். வருடத்துக்கு ஒரு நாள் என்று அதற்கும் ஒரு முறை இருந்தது. கொடைக்கானலில் வீடு வாங்கி வைத்திருக்கும் மதுரைக்காரர்களுக்கு அந்த வழக்கம் வேறு மாதிரி தேவைப்படுகிறது. அங்கே குளிர்காயச் சுவரோடு கட்டியிருக்கும் கணப்பில் ஈர விறகைப் போட்டு எரிக்கிறார்கள். ஈர விறகின் புகை, குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் தார் மாதிரிப் படிகிறது, அது பற்றினால் புகைபோக்கி முழுக்க எரியும். குருவிக்கூடு அடைத்த கணப்பில் நெருப்பு மூட்டினால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள்ளேயே தங்கும். அதற்கு நிறமோ வாடையோ கிடையாது, தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. குளிருக்கு அறைக்குள் கரியடுப்பை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திப் படுப்பது இதைவிட மோசம். சீசன் தொடங்குமுன் புகைபோக்கியை ஒருமுறை பிரஷ் விட்டு எடுத்துவிடுங்கள்.

சரி, கார்ப்பெட்டுக்கு வருவோம். தீபாவளிக்கு அதைக் கழுவ வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் மழை. மதுரைக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். காற்றில் ஈரம் நிற்கும், வெயில் நம்ப முடியாது. நனைந்த கார்ப்பெட் இரண்டு நாளுக்குள் காயாவிட்டால் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும், மேலே பார்த்தால் தெரியாது. வீட்டுக்குள் ஒரு புழுங்கிய வாடை வரும், சின்னப் பிள்ளைகளுக்குத் தும்மலும் இளைப்பும் வரும். ஈரம் தங்கிய கார்ப்பெட் தூசிப் பூச்சிக்கும் வசதி. பண்டிகைக்குச் சுத்தமாக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் நோயைக் கொண்டுவந்து விரிக்கிறோம். ஆகவே தீபாவளிக்கு வேக்குவம் மட்டும் போதும், நிதானமாக, குறுக்கும் நெடுக்குமாக. கார்ப்பெட்டைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கமும் ஒருமுறை. உள்ளே இறங்கிய மண்தான் நூலை அறுக்கிறது. அதை எடுத்தாலே பாதி ஆயுள் கூடும்.

கழுவுவதற்கு நம் ஊரில் ஆனி, ஆடிதான் காலம். வெயிலும் இருக்கும், காற்றும் வீசும். போர் தண்ணீரில் கழுவுவதைக் கூடியவரை தவிருங்கள். மதுரையில் பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காமல் திப்பி திப்பியாக நூலில் தங்கிவிடும். காய்ந்ததும் கார்ப்பெட் விறைப்பாகிவிடும், அந்தச் சோப்புப் பிசுக்கில் தூசி முன்னைவிட வேகமாக ஒட்டும். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் சேமித்துக் கழுவுபவர்கள் உண்டு. தண்ணீரைச் சிக்கனம் செய்யும் எண்ணம் நல்லதுதான், ஆனால் அது போர் தண்ணீரைவிட உப்பு, தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பளி கார்ப்பெட்டுக்குச் சூடான தண்ணீர், பிளீச்சிங் பவுடர் இரண்டும் ஆகாது. பவானி ஜமக்காளம் மாதிரி பருத்தியில் நெய்ததைத் துவைக்குமுன் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வீட்டில் ஊறவைக்காதீர்கள். மெஷினில் செய்த செயற்கை நூல் கார்ப்பெட்டின் நூல் தண்ணீரைத் தாங்கும், அடியில் இருக்கும் பசை தாங்காது, ரொம்ப நேரம் ஊறினால் பொருபொருவென்று உதிரும். ஆள் வைத்துச் செய்தால், தண்ணீரைத் தெளித்த கையோடு திரும்ப உறிஞ்சி எடுக்கும் மெஷின் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ஷாம்பூ நுரையைத் தேய்த்துவிட்டுத் துணியால் துடைத்துப் போகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

கொடியில் போட்டு ஒருபக்கம் மட்டும் காய்ந்ததும் எடுத்துவிட வேண்டாம். மாடியில் இரண்டு கட்டைகளின்மேல் விரித்து, அடியில் காற்றுப் போகும்படி வையுங்கள். சுருட்டி அலமாரியில் வைக்குமுன் உள்ளங்கையால் அடிப்பக்கத்தை அழுத்திப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, மறுநாளும் காயட்டும்.